குறுக்கே திருப்பிய செம்பு

பாயான் லெப்பாஸ்
மார்ச் 4

அன்புள்ள ரோஸ்டி அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கவில்லை. ஆலை மேலாளர்களுக்கு என்ன குறை! மின்னஞ்சலை மேலிடம் படிக்கிறது. அதனால்தான் சரக்கு வேன்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

குழந்தைகளின் நெஞ்சில் கட்டும் மூச்சுப் பட்டையின் வரைபடத்துக்குச் சோதனைக்கூடத்தில் ஒப்புதல் தந்தது நான். உன் ஆலையில் நீங்கள் செய்வதோ வேறு. ஒரு செம்புத் தகட்டுக்குக் கூடுதலாக நாலு பட்டை தேறும் என்று அந்த வரைபடத்தைக் குறுக்கே திருப்பிவிட்டீர்கள். செம்புத் தகட்டை உருட்டும்போது அதற்குள் இருக்கும் நுண்மணிகள் ஒரே திசையில் நீளும். மின்சாரம் ஓடும் செம்புத் தடம் அந்தத் திசையில் ஓடினால் வளைவைத் தாங்கும். குறுக்கே ஓடினால் சீக்கிரமே வெடிப்பு விழும். விழுந்தால், குழந்தையின் மூச்சு நின்றாலும் அலாரம் அடிக்காது. முதலாண்டுப் பாடம் இது. அந்த வகுப்பில் தூங்கினாயா?

உற்பத்தியை நிறுத்து.

தம்பி,
இக்ராம்

குலிம்
மார்ச் 9

அருமைத் தம்பி,

கோபம் வயிற்றுக்கு ஆகாது. ஒவ்வொரு பட்டையையும் மேசையில் வைத்துச் சோதித்தே அனுப்புகிறோம். எல்லாம் தேறுகிறது. எங்கள் ஃபோர்மேன் லிம் சிரிக்கிறார்: "உங்க தம்பி சும்மா கெடக்கிறத மடக்கி மடக்கி ஒடைச்சிட்டு, ஒடைஞ்சுபோச்சேன்னு அழுவாரு பாஸ்!"

அண்ணிக்கு ஏழாம் மாதம். உன்னைத் தேடுகிறாள். ஒரு நடை வந்து போ.

அண்ணன்,
ரோஸ்டி

பாயான் லெப்பாஸ்
மார்ச் 13

அண்ணனுக்கு,

மேசையில் தட்டையாக வைத்தா? தட்டையாகக் கிடந்தால் வெடிப்பின் இரண்டு ஓரமும் ஒட்டிக்கொண்டு மின்சாரம் ஓடும். நெஞ்சு ஏறி இறங்கும்போதுதான் பிரியும். லிம்மிடம் சொல்: "படகத் தரையில வச்சுப் பாத்துட்டு, ஓட்டையே இல்லன்னு சொல்ற ஆளுய்யா நீ!"

அண்ணிக்கு என் சலாம். உனக்கு இல்லை.

இக்ராம்

குலிம்
ஏப்ரல் 2

தம்பி,

குறைமாதத்திலேயே பெண் பிறந்துவிட்டாள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது. பட்டை கட்டித்தான் வீட்டுக்கு அனுப்புவார்களாம். மருத்துவமனையில் இருப்பது எங்கள் சரக்கு. நீ ஒப்புதல் தந்த பழைய மாதிரி ஒன்று இருந்தால் வேன்காரரிடம் கொடுடா. யாரிடமும் சொல்லாதே.

ரோஸ்டி

பாயான் லெப்பாஸ்
ஏப்ரல் 3

ரோஸ்டி அவர்களுக்கு,

பட்டை இத்துடன் இருக்கிறது. வளைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். பாப்பாவுக்குக் கட்டுங்கள்.

அந்த வார்டில் வேறு தொட்டில்களும் இருக்கின்றன. அந்த அப்பன்களுக்குச் சோதனைக்கூடத்தில் தம்பி இல்லை. அதனால் உங்கள் கடிதத்தின் நகலை அந்த மருத்துவமனைக்கும், மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கும் இன்று காலையே கொடுத்துவிட்டேன். என் அறிக்கைகள் சொல்லாததை அது மூன்று வரியில் சொல்லிவிடுகிறது.

இனி எனக்கு எழுத வேண்டாம். அண்ணியிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் சித்தப்பா