முதல் பகுதியில் வரும் அப்பா

மார்ச் 3

அன்பு அக்கா,

நலம். நீ கேட்குமுன்பே சொல்லிவிடுகிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

வகுப்பில் என்ன பாடம் வந்திருக்கிறது தெரியுமா? கடையில் திருட வந்தவர்கள் அப்பாவைக் கொன்றதைப் பற்றி அந்தப் பத்திரிகையாளர் எழுதினாரே, அந்தப் புத்தகம்! உண்மைக் குற்றத்தை நாவல்போல் சொல்வதற்கு அதுதான் உதாரணமாம். முதல் பகுதியை மட்டும் ஒரு வாரமாக அலசுகிறோம். அதில் கடைசி நாள் காலை மட்டும்தான் வருகிறது. அப்பா பேசாமல் தேநீர் குடிக்கிறார், மூக்குக்கண்ணாடிக் கடையின் சாவியை எடுக்கிறார், தெருமுனையில் திரும்பி, வாசலில் நிற்கும் இரண்டு வயது மகனை நெடுநேரம் பார்க்கிறார்.

"இது சுத்த கட்டுக்கதை சார். சாகப்போறவர் திரும்பிப் பாக்கறதெல்லாம் சினிமாவுலதான் நடக்கும்" என்றாள் ஒருத்தி. எனக்குச் சுருக்கென்றது. "அந்தப் பையன் நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் என்னையே அந்தப் பகுதியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். பேட்டி கொடுத்தது நீதானே? அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்தானே? எனக்கு அவரைப் பற்றி வேறு ஞாபகமே இல்லை அக்கா.

உன் தம்பி

மார்ச் 6

என் வாலுக்கு,

ஊரெல்லாம் தண்டோரா போட்டாயிற்றா? கடையில் மூச்சுவிட நேரமில்லை. இந்த வாரம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பார்வை மங்கிவிட்டதுபோல.

பேட்டி கொடுத்ததோடு சரி, அந்தப் புத்தகத்தை நான் இன்றுவரை திறந்ததில்லை. வேறு யாரையாவது பேசச் சொல்லேன். உன் சட்டைகளுக்குப் பட்டன் தைத்து அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

மார்ச் 9

அக்கா,

பட்டன் வந்தது, பதில் வரவில்லை. ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல்ல இவ்வளவு யோசனையா? நீ சொல்லாவிட்டால் போகட்டும். விடுமுறைக்கு நான் அங்கே வரவில்லை.

தம்பி

மார்ச் 12

என் வாலுக்கு,

நேற்று கடையைச் சாத்திவிட்டு அந்த முதல் பகுதியைப் படித்தேன். அதில் அப்பா வாயே திறக்கவில்லை. நம் அப்பாவா! பல் தேய்க்கும்போதே பாடுகிற மனிதர்.

அவர் திரும்பியது நிஜம்தான். ஆனால் உன்னைப் பார்க்க இல்லை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவர், தன் கண்ணாடியைத் தினமும் வீட்டில் மறந்துவிட்டுத்தான் கிளம்புவார். தெருமுனைப் பலகை மங்கலாகத் தெரியும்போதுதான் உறைக்கும். "ஏய், கண்ணாடிடீ!" என்று தெருவே அதிரக் கத்துவார். அன்றும் அப்படித்தான். நான் ஓடிப்போய்க் கொடுத்தேன். நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய்.

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கென்று இருந்த அப்பாவையும் பிடுங்கிக்கொள்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன். மற்ற நாட்களில் நீ கடையில்தான் கிடப்பாய். நீ அழுதால் தோளில் போட்டுக்கொண்டே கண் பரிசோதனை செய்வார். சுவரில் மாட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக உனக்குப் பாட்டாகப் பாடுவார். "நீங்களே பாடிட்டா நான் எதைங்க படிக்கறது?" என்று வந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவருக்கு அது காதிலேயே ஏறாது. நீ சிரிக்கும்வரை பாடுவார்.

இதெல்லாம் புத்தகத்தில் இல்லை. அந்தப் பத்திரிகையாளர் என்னிடம் கேட்டது கடைசி நாளைப் பற்றி மட்டும்தான். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் என்னிடம் அப்படியே இருக்கிறது. வந்து கேட்டுக்கொள்ளடா.

அக்கா