பெரியம்மாவின் பின்சக்கரங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

அப்போது ஷெட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். உன் அப்பா, உன் மாமா, காரின் புது சீட்டுக்கு அளவெடுக்க வந்த டெய்லர், காலி டம்ளர்களை எடுக்கப் போன நான். நான்கு பேரும் நன்றாக இருக்கிறோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதை முதலிலேயே எழுதிவிட்டேன். மேலே படிக்கும்போது உனக்குப் படபடப்பு வந்தால் இந்த வரிக்குத் திரும்பி வந்துவிடு.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். காது மந்தமானதிலிருந்து அப்பாவுக்கு ஸ்பீக்கரில் போட்டால்தான் திருப்தி. நீயும் நானும் தனியாகப் பேசி எவ்வளவு காலம் ஆகிவிட்டது, கவனித்தாயா? இது ஸ்பீக்கரில் பேசுகிற விஷயம் இல்லை.

காரின் பின்சக்கரங்களுக்கு வலுவைப் பிரித்துக் கொடுக்க நீ அனுப்பிய டிஃபரன்ஷியல் பத்திரமாக வந்து சேர்ந்தது. அப்பா அதைப் பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். உன் மாமா பக்கத்தில் நின்றுகொண்டு, "என்ன அத்தான், தொட்டில் கட்டணுமா?" என்றான். வேன் ஓட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவனும் இப்போது நம் ஷெட்டில்தான் கிடக்கிறான்.

பெட்டிக்குள் இருந்த காகிதத்தை அகராதியை வைத்துக்கொண்டு நான் முழுதும் படித்தேன். போன வருஷம் மலைச்சாலைப் போட்டியில் மூன்றாவது வளைவில் உள்பக்கச் சக்கரம் சும்மா சுற்றி நேரம் போய்விட்டது என்று நீ அழாத குறையாகச் சொன்னாயே, அது ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. பழைய டிஃபரன்ஷியல், செல்லம் கொடுத்துக் கெடுக்கிற அம்மா மாதிரி. எந்தச் சக்கரம் பிடி இல்லாமல் வழுக்குகிறதோ, அது சுற்றுகிற சுற்றிலேயே இன்ஜினின் வலுவெல்லாம் வீணாகப் போகும். தரையைப் பிடித்து நிற்கிற நல்ல பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. புதியது அப்படி விடாது. உள்ளே இருக்கும் தகடுகள் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நான் சொல்வது சரிதானே?

வேலையெல்லாம் முறையாகத்தான் நடந்தது. பின்பக்கம் முழுவதையும் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் நிறுத்தி, பழையதைக் கழற்றி, புதியதை ஏற்றினார்கள். நீ காருக்குப் பெரியம்மா என்று பேர் வைத்தாலும் வைத்தாய், அன்றைக்கு அவளுக்கு நடந்த உபசாரத்தில் பாதிகூட என் பிரசவத்தின்போது எனக்கு நடக்கவில்லை. எனக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்தவள் அல்லவா. மூத்தாள் மூத்தாள்தான்.

பூட்டி முடித்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இடது சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றினார். முன்பெல்லாம் வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். இப்போது அதுவும் முன்னோக்கியே சுற்றியது. "பாத்தியா, ஒண்ணு போற வழியிலயே இன்னொண்ணும் போகுது. குடும்பம்னா இப்படி இருக்கணும்" என்றார். "இத்தனை வருஷமா நான் சுத்தினது உங்க கண்ணுக்குத் தெரியல, இது தெரியுதாக்கும்" என்றேன். டெய்லர் சிரித்து வாயில் இருந்த ஊசியைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும்.

அன்று காலையில் அப்பா எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்து ஒரு பாடம் எடுத்தார். இத்தனை நாள் ஏதாவது சத்தம் கேட்டால் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, இன்ஜினைப் போட்டு, கியரில் விட்டுக் கேட்பது அவர் வழக்கம். தூக்கிய சக்கரம் மட்டும் சுற்றும், தரையில் இருப்பது அசையாது. இனிமேல் அப்படிச் செய்யவே கூடாது, தரையில் இருக்கும் சக்கரமும் சேர்ந்து சுற்றும், கார் ஜாக்கியை விட்டுப் பாய்ந்துவிடும் என்றார். சொன்னதோடு விடவில்லை. "ஒரு பக்கம் தூக்கினா கியர் கிடையாது" என்று மூன்று பேரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். டெய்லர், "சார், என்கிட்ட சைக்கிள்தான் இருக்கு" என்று சொல்லிப் பார்த்தார். அவரையும் விடவில்லை.

மத்தியானம் காரை நம் தெருவையும் அடுத்த தெருவையும் சுற்றி ஓட்டிவிட்டு வந்தார். முகம் சரியில்லை. திருப்பத்தில் பின்னால் கடகடவென்று உதறுகிறது, இடதுபக்க பேரிங்காகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். முன்சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை வைத்தார். இடதுபக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். நீளமான திருப்புளியின் நுனியை ஆக்சிலில் வைத்து, பிடியைத் தன் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தார். காது கேட்காவிட்டாலும் எலும்பு கேட்கும் என்று சொல்வாரே, அந்த மாதிரி. மாமாவை உள்ளே உட்காரச் சொல்லி, "ரெண்டாவது கியர் போடுடா, மெதுவா கிளட்சை விடு" என்றார்.

உன் மாமா போட்டான்.

மகளே, நான் டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். காலையில் நானும்தானே திருப்பிச் சொன்னேன். அந்த வாசகம் தொண்டை வரை வந்தது. அவர் செய்கிறார் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று அது அங்கேயே நின்றுவிட்டது. மாமாவுக்கும் அப்படித்தானாம். டெய்லருக்கும் அப்படித்தானாம். பாடம் எடுத்தவரே தவறுவார் என்று யார் நினைப்பார்கள்?

பெரியம்மா ஒரு குதி குதித்தாள். செங்கல் இரண்டாக உடைந்தது. ஜாக்கி சாய்ந்து தரையில் சறுக்கியது. கார் நேரே போய்ச் சுவரோரம் அடுக்கியிருந்த பழைய டயர்களில் முட்டி நின்றது. டயர்கள் இல்லாவிட்டால் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் நம் சமையலறை. அப்பா பின்பக்கம் விழுந்தார். அவருடைய ஒரு செருப்பு சக்கரத்துக்கு அடியில் போய்த் தட்டையாகிவிட்டது. கால் அதற்குள் இல்லை. ஆண்டவன் அந்தக் காலை மட்டும் எப்படி உருவி எடுத்தான் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான் டம்ளர்களைக் கீழே போடவில்லை, பிடித்தபடியே நின்றேன். அது எனக்கே ஆச்சரியம்.

எழுந்து உட்கார்ந்ததும் அப்பா சிரித்தார். "பெரியம்மாவுக்குப் போட்டிக்குப் போற அவசரம் பாரு" என்றார். நாங்களும் சிரித்தோம். உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கப் பார்த்தார். நான் சத்தியம் செய்கிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். தலையை ஆட்டி வைத்தேன். தலையாட்டுவது சத்தியத்தில் சேராது.

அந்தச் சிரிப்பெல்லாம் சாப்பிட உட்காரும் வரைதான். அப்பா மாமாவைப் பார்த்து, கோபமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி, "ஏன்டா, ஒரு பக்கம்தானே தூக்கியிருந்துது, உன்னை யாரு கியர் போடச் சொன்னது?" என்று கேட்டார். மாமா சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான்தான் டம்ளருக்காகக் கையை நீட்டினேன், அவன் அதைச் சைகை என்று நினைத்துவிட்டான் என்றேன். அப்பா நம்பிவிட்டார். "ஷெட்டுக்குள்ள கையை ஆட்டாதேன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்" என்று என்னைக் கடிந்துகொண்டார். அவரிடம் திட்டு வாங்கி இவ்வளவு கலங்கியது இதுதான் முதல் தடவை.

எல்லாருக்கும் மறதி வரும். நானும் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பிரார்த்தனைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். கையில் ஊறிய பழக்கம், மூளையை முந்திக்கொண்டது என்று மாமா சொல்கிறான். இருக்கலாம். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் ஷெட்டைக் கூட்டும்போது சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒரு சின்னப் புட்டியைப் பார்த்தேன். உன் பெட்டியில் டிஃபரன்ஷியலோடு வந்த புட்டிதான். ஆயிலோடு இதையும் சேர்த்து ஊற்ற வேண்டும், ஊற்றாவிட்டால் உள்ளே இருக்கும் தகடுகள் திருப்பத்தில் கவ்விக்கவ்வி உதறும் என்று காகிதத்தில் இருந்தது. ஆயில் விட்ட அன்று, அதையும் ஊற்றிவிட்டேன் என்று அப்பா என்னிடம் வாயால் சொன்னார். புட்டியின் மூடியில் சீல் பிரியவே இல்லை.

நான் அதிகம் படிக்காதவள், ஆனால் கணக்கில் தவறுகிறவள் இல்லை. வந்தது ஒன்று, ஊற்றியது ஒன்று, மிச்சம் ஒன்று. இந்தக் கணக்கு எப்படிப் போட்டாலும் இடிக்கிறது.

அப்படியென்றால் அவர் கேட்ட சத்தம் பேரிங்கின் சத்தமே இல்லை, ஊற்றாமல் விட்ட புட்டியின் சத்தம். அதைத் தேடித்தான் இடதுபக்கத்தைத் தூக்கினார். ஒரு மறதி இன்னொரு மறதியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறது.

புட்டி வெளியே இருந்ததால் என் கண்ணில் பட்டது. உள்ளே இருக்கும் போல்ட்டுகள் என் கண்ணில் படுமா? எல்லாவற்றையும் அளவுபார்த்து முறுக்கிவிட்டேன் என்று சொன்னார். முறுக்கியிருப்பார். புட்டியையும்தான் ஊற்றிவிட்டேன் என்று சொன்னார். தினமும் காலையில் கண்ணை மூடி உட்கார்கிறேன், ஆண்டவன் முகத்துக்குப் பதிலாக அந்த மூன்றாவது வளைவுதான் வருகிறது. ஓரத்தில் தடுப்புக்கூட இல்லாத வளைவு. பிரார்த்தனை செய்யலாம், மகளே, செய்துகொண்டேதான் இருக்கிறேன். ஆனால் பிரார்த்தனை போல்ட்டை முறுக்காது.

வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லலாம் என்றான் மாமா. வேண்டாம் என்றுவிட்டேன். வெளி ஆள் வந்து அவர் பூட்டியதைத் திறந்தால், அதற்குப் பிறகு அவர் ஸ்பானரைத் தொட மாட்டார். ஸ்பானரைத் தொடாத உன் அப்பா காலையில் எதற்காக எழுந்திருப்பார்? புட்டியை அவர் முன்னால் வைத்துக் கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு தடவை உன் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை, போட்டி என்றைக்கு என்று கேட்டார். அதையே காலையிலும் கேட்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். புட்டி இப்போது என் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது.

போட்டிக்குப் போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. நீ முதல்முதலாகப் போனபோதும் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். எனக்கு நீ செய்ய வேண்டியது வேறு.

அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது. எனக்கு இல்லை, அவருக்கு. லீவைக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்துக்கொண்டு வருவதாக எழுது. மலையில் ஏதாவது ஆனால் என்னோடு யாரும் இருக்க மாட்டார்கள், அதனால் இந்த டிஃபரன்ஷியலை என் கையாலேயே ஒரு தடவை கழற்றிப் பூட்டிப் பழக வேண்டும், நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும் என்று எழுது. நான் வருகிற வரைக்கும் யாரும் பெரியம்மாவை ஓட்டக் கூடாது, பேரிங்கையும் சேர்ந்தே பார்ப்போம் என்று கண்டிப்பாக எழுது. "பூட்டினதைக் கழட்டுறதா, உன் பொண்ணுக்குப் பைத்தியமா" என்று இரண்டு நாள் என்னிடம் கத்துவார். மூன்றாம் நாள் ஸ்பானர்களைத் துடைத்து வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு உனக்காகக் காத்திருப்பார். எனக்குத் தெரியும்.

கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டாகப் பார். ஆயிலை மாற்றும்போது உன் கையில் புட்டியைக் கொடுப்பேன், புதிதாக நீ வாங்கி வந்ததாகவே இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. டிஃபரன்ஷியலைப் பார்க்கிற சாக்கில் அப்பாவையும் பார். ஒரே கேள்வியை எத்தனை தடவை கேட்கிறார், எடுத்த ஸ்பானரை எங்கே வைக்கிறார் என்று பார். நான் பக்கத்திலேயே இருக்கிறவள், என் கண் பழகிவிட்டது. உன் கண் புதுசு. நீ பார்த்துவிட்டு ஒன்றுமில்லையம்மா என்று சொன்னால் நம்பிக்கொள்கிறேன். வேறு ஏதாவது சொன்னால், அதையும் என்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்து எட்டிப் பார்த்தார். காகிதத்தை முழங்கையால் மறைத்துக்கொண்டேன். "யாருக்கு, நம்ம பட்டாசுப் பொண்ணுக்கா? பெரியம்மா ரெடின்னு எழுது. போல்ட்டெல்லாம் கல்லு மாதிரி இருக்குன்னு எழுது" என்றார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ ஓட்டுகிற பாதையெல்லாம் ஆண்டவன் முன்னால் போகட்டும். உனக்கும், உன் கையில் இருக்கிற ஸ்டியரிங்குக்கும், அதைப் பூட்டித் தந்த கைக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அப்பாவுக்கு எழுது. தபால்காரர் வரும்போது வாசலில் நிற்பது அவர்தான். சீக்கிரம் எழுது, கண்ணே.

உன் அம்மா