செல்வி திறந்த மடை

கார்த்திகை 14, இரவு

நான்கு நாளாக வெயில் இல்லை. கடல் பக்கமிருந்து சாம்பல் நிற மேகம் வந்துகொண்டே இருக்கிறது. இன்று காலை வரை என் சம்பா பயிர் தண்ணீரில் மூழ்கி நின்றது. இன்னும் இரண்டு நாள் நின்றிருந்தால் அழுகியிருக்கும்.

மடையைத் திறந்தால், கீழே இருக்கும் செல்வியின் வயல் வழியாகத்தான் தண்ணீர் வடிகாலுக்குப் போகும். அவள் பிந்தி நட்டவள், இளம் பயிர். எனக்கு மனம் வரவில்லை.

இன்று காலை அவளே மழைக்கு உரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு வந்தாள்.

"என்ன பெரியப்பா, வயல்ல மீன் வளக்குறீங்களா? மடையைத் தொறங்க."

"தொறந்தா உன் பயிரு முழுகிடும்மா."

"அது ராத்திரி மழையிலேயே பிடுங்கிக்கிட்டு மிதக்குது. இனிமே முழுக என்ன இருக்கு?"

அவளே மடையை வெட்டிவிட்டாள். தண்ணீர் சலசலவென்று ஓடியது.

"சும்மா ஒண்ணும் வரலை. உங்க பயிரு பொழைச்சாத்தானே, ஒவ்வொரு குத்து நாத்துலயும் பாதியைப் பிரிச்சு வாங்கிட்டுப் போயி நான் நட முடியும்?" என்று சிரித்தாள்.

பயிர் போன மறுநாளே சிரிக்கிறாள்! இத்தனை வயதில் இப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. கிழ வயதிலாவது எழுதக் கற்றுக்கொண்டது நல்லதாகப் போயிற்று. விரல் வலித்தாலும் இவளைப் பற்றி எழுதாமல் படுக்க முடியாது.

மழை இன்னும் பெய்கிறது. ஆனால் சாயங்காலம் பயிரின் நுனி ஒரு சாண் வெளியே தெரிந்தது. அவளுக்கு வரப்பு ஓரத்துச் சோனிக் குத்தைக் கொடுக்கக் கூடாது. நடு வயலில் இறங்கி, நன்றாகத் தூர் கட்டிப் பருத்ததாகப் பார்த்து நானே பிரித்துக் கொடுக்க வேண்டும்.