தேத்தண்ணீர் மேசையில் உன் தொழிற்சாலை

பிளேஸ்டோ,
லண்டன்.
14.03.1994

அன்பு மகன் குகதாசனுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்தப் பின்லாந்துக் குளிரில் உன்னையும் ஒரு குறையுமில்லாமல் ஆர்ச்வே கோயில் முருகன் காக்க வேண்டும். அப்பாவின் முழங்கால் நோ குறைவு, கிங்ஸ்பரிக்குத் தனியாகவே போய் வந்துவிட்டார்.

உன் கம்பனியை லண்டன்காரர் வாங்கியது நல்லதுக்குத்தான் என்று எழுதியிருந்தாய், எனக்கு அந்த நல்லதில் நம்பிக்கை இல்லை ராசா. படகு எஞ்சின் திருத்துகிற கொட்டிலில் தொடங்கி உலகத்துத் துறைமுகங்களுக்கெல்லாம் கிரேன் செய்து அனுப்புகிற அளவுக்கு வளர்ந்தது என்று நீதானே பெருமையாகச் சொல்லுவாய், அப்படி வளர்ந்ததை ஏன் விற்றார்கள், வாங்கினவர்கள் ஏன் ஒருவரையும் வேலையால் நிற்பாட்ட மாட்டோம் என்று கேளாமலே கடிதம் போட்டார்கள்? நான் தேத்தண்ணீர் கொடுக்கிற கம்பனிக் கந்தோர் அவர்களுடையதுதான் என்று உனக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை கூட்ட அறைக்குள் தேத்தண்ணீர்த் தட்டத்தோடு போனபோது மேசையில் உன் தொழிற்சாலையின் பெரிய படம், நீ வாசலில் நின்று எடுத்து அனுப்பிய அதே சிவப்புக் கட்டிடம். ஒருவர் நீங்கள் கிரேன் வரைகிற பகுதிக்குக் குறுக்கே பென்சிலால் கீறிவிட்டு, வரைபடங்கள் கைக்கு வந்தால் போதும், ஆட்கள் தேவையில்லை, கோடைக்குள் மூடலாம் என்றார். எனக்கு இங்கிலீஷ் விளங்காது என்று நினைத்திருப்பார்கள். வாசலில் நின்ற, என்னோடு வேலை செய்கிற மன்னார்ப் பிள்ளை டொலறஸ், "அன்ரி, இதுக்குள்ள தலை போடாதேங்கோ, வேலை போயிடும்" என்று கையைப் பிடித்தாள். எனக்குப் பொறுக்க ஏலவில்லை, திரும்பிப் போய், அங்கே வேலை செய்கிற ஆட்கள் என்ன செய்வார்கள் என்று அவரிடமே கேட்டேன். ஏன் கேட்கிறீர்கள் என்றார், என் மகன் அங்கேதான் வேலை என்றேன். அவர் படத்தைக் கவிழ்த்து வைத்தார். அடுத்த நாள் காலையே என்னைக் கீழே கன்ரீனில் கோப்பை கழுவ விட்டுவிட்டார்கள். ஒன்றுமில்லையென்றால் ஏன் மாற்ற வேண்டும்? அப்பா, "நீர் பிழையாய் விளங்கியிருப்பீர், பெடியனைக் குழப்பாதையும்" என்கிறார். நீ அதைக் கேளாதே. வரைபடங்களை ஒப்படைக்கச் சொல்லி எந்தக் கடதாசி வந்தாலும் யூனியனுக்குக் காட்டாமல் கையெழுத்து வைக்காதே, வீடு வாங்குகிற கதையை நிற்பாட்டி வை, வேறு இடங்களுக்கும் எழுதிப் போடு.

முருகன் உன்னைக் கைவிடமாட்டான், நீ எங்கே போனாலும் நன்றாக இருப்பாய். நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடித் தொப்பி போடு. கோடைக்குள் மூடப் போகிறார்கள் என்பதை உன்னோடு வேலை செய்கிற எல்லாருக்கும் மறக்காமல் சொல்லு. யார் சொன்னது என்று கேட்டால் ஒளிக்காதே, என் முழுப் பெயரையும் சொல்லு.

உன் அன்பு அம்மா,
கமலாம்பிகை சபாரத்தினம்