செப்டம்பர் மாதத்துக் குளம்

ஆவூர்,
12.10.2025, ஞாயிறு

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

உன் ஆனந்தராஜ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் பிள்ளைகளும் நல்ல சுகம். மஸ்கட்டில் வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே மூன்று நாளாகச் சாயங்காலமானால் மழை. என் மோட்டார் கடைக்குள் ஒரு இடத்தில் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.

தினமும் போனில் பேசிக்கொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த வாரம் பிள்ளைகளுக்குப் பாடமே கடிதம் எழுதுவதுதான். இருவரும் உனக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். ஜெரால்டு 'ள', 'ழ' இரண்டையும் இடம் மாற்றித்தான் போடுவான், கண்டுகொள்ளாதே. "நீங்களும் எழுதணும்ப்பா, எங்களுக்கு மட்டும் வீட்டுப்பாடமா?" என்று அமலி பேனாவை என் கையில் திணித்துவிட்டாள். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வருஷத்துக்கு மேலாக உன்னிடம் மறைத்த ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே உன் குரல் மாறும், நான் நிறுத்திவிடுவேன்.

முதலில் நல்ல செய்தி. பிள்ளைகளைச் சேர்க்க உன் அண்ணன் வாங்கி வைத்திருந்தாரே திருச்சி விடுதிப் பள்ளி விண்ணப்பம், அதை அவரே கிழித்துப் போட்டுவிட்டார். கிழிக்கச் சொல்லி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன் அந்த மறைத்த விஷயம்.

ஜனவரியில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது, அங்கே பாடம் சரியில்லை, நானே வீட்டில் சொல்லித்தருகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். நீ விமானம் ஏறிய அடுத்த மாதமே அமலி வெளியாட்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். என்னிடமும் தம்பியிடமும் பேசுவாள். போனில் உன்னிடம் ஓயாமல் பேசுவாள், அதனால் உனக்குச் சந்தேகமே வரவில்லை. வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் இல்லை. பிடிவாதம் என்று நினைத்து வெளியே நிற்க வைத்தார்கள். ஒருநாள் பாத்ரூம் போகக் கேட்க வாய் வராமல் சீருடையை நனைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அக்கா இல்லாமல் போக மாட்டேன் என்று ஜெரால்டும் நின்றுவிட்டான். புதுக்கோட்டையில் ஒரு டாக்டர் அம்மாவிடம் காட்டினேன். "பேசு பேசுன்னு யாரும் சொல்லாதீங்க. அவளா வரட்டும்" என்றார்.

உன்னிடம் சொல்லியிருந்தால் மறுநாளே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றிருப்பாய். மூன்று முறை பரீட்சை எழுதி நீ வாங்கிய நர்ஸ் வேலை. பிள்ளையைக் காட்டி அதை உன்னிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை. செய்தது சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை. கோபப்படு. ஆனால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

ஐ.டி.ஐ. படித்த மோட்டார் மெக்கானிக் எப்படி வாத்தியார் ஆவான்? முதல் இரண்டு மாதம் எனக்கே வெட்கமாக இருந்தது. மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும்போதே கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு காயிலுக்கு நாற்பத்திரண்டு சுற்று, ஆறு காயிலுக்கு எத்தனை என்று கேட்டால் அமலி செம்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டே சொல்லிவிடுவாள். தமிழும் ஓடியது. ஒருநாள் ஜெரால்டு நோட்டைத் தூக்கி எறிந்தான், நான் கத்தினேன், இருவரும் அழுதார்கள். அன்று மதியம் முழுக்கப் பாடம் நடக்கவில்லை.

அவர்கள் அழுதுகொண்டே நின்ற இடத்துக்கு நேர் எதிரே, கிறிஸ்துமஸ் பார்சலில் நீ அனுப்பிய மருத்துவமனைக் காலண்டர் தொங்கியது. மாதத்துக்கு ஒரு ஓவியம் போட்டது, அந்த மாதம் வான்கோ வரைந்த நட்சத்திர வானம். ஜெரால்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதைப் பார்த்து, "அப்பா, இவரும் காயில் கட்டியிருக்காருப்பா" என்றான். வானத்தில் அத்தனை சுழல்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு ஓவியர் என்று வைத்துக்கொண்டோம். அவர் பிறந்த ஊரை மேப்பில் தேடுவோம், கதையைப் படிப்போம், படத்தைப் பார்த்து வரைவோம். பெயர்களை வாசிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆகும். மே மாதம் ஃப்ரீடா காலோ. பஸ் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தபடியே வரைந்தவர். "நடக்க முடியாதப்ப வரைஞ்சாங்களா? பேச முடியாதவங்களும் வரையலாமாப்பா?" என்று அமலி கேட்டாள். வரையலாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

பிப்ரவரியில் பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்க உண்ணாமலை டீச்சர் வந்தார். பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியை. நான் பயந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறீங்க. மாசம் ஒரு தடவ வந்து பாக்குறேன்" என்றார். சொன்னபடி வந்துகொண்டிருக்கிறார்.

உன் அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. "இருபது வருஷமா கணக்கு வாத்தியாரா இருக்கேன் மாப்ள. காலண்டர வச்சுப் பாடம் நடத்துற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றார். அவரிடமும் நான் அமலியைப் பற்றிச் சொல்லவில்லை. கூச்சப்படும் பிள்ளை என்றே அவர் நினைத்திருந்தார். காலாண்டு லீவில் விண்ணப்பத்தோடு வந்து, நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். நீயும் அண்ணன் சொல்கிறபடி செய்யுங்கள் என்று சொல்லியிருந்தாய். ஒரு நாள் பொறுங்கள் மச்சான், பிள்ளைகளைச் சித்தன்னவாசல் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன் என்றேன். சரி என்று அவர் காரிலேயே கூட்டிப்போனார்.

செப்டம்பர் படம் மோனேயின் அல்லிக் குளம். தன் தோட்டத்திலேயே குளம் வெட்டி, அதையே வருஷக்கணக்காக வரைந்து, கண் மங்கிய பிறகும் விடாத மனிதர். நம் மாவட்டத்திலேயே சித்தன்னவாசல் குகையில் ஒரு குளத்துப் படம் இருக்கும்போது அதைக் காட்டாமல் எப்படி?

எங்களோடு ஒரு கல்லூரிப் பெண்கள் கூட்டமும் குகைக்குள் வந்தது. காவலர் முதலில் எல்லோரையும் உள்ளறைக்குக் கூட்டிப்போனார். "கண்ண மூடிக்கிட்டு 'ம்ம்'னு இழுத்துப் பாருங்க" என்றார். எல்லோரும் இழுத்தார்கள். பாறையே முனகுவதுபோல ஒரு சத்தம். என் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து மெல்லிசாக இன்னொரு குரல் அதில் சேர்ந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று பயம்.

வெளி மண்டபத்துக்கு வந்து எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மேலே தாமரைக் குளம். ஒரு பெண், "ஒரே நெரிசலா இருக்கே, என்ன வரைஞ்சிருக்காங்கன்னே புரியல" என்று தோழியிடம் சொன்னாள்.

"மோனே குளத்துல ஆளே கிடையாது."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். அமலி மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு தண்ணியையும் பூவையும் மட்டுந்தான் வரைஞ்சாரு. இங்க பாருங்க, மீனு இருக்கு, யானை இருக்கு, எருமை இருக்கு, வாத்து இருக்கு. அந்தா அவரு பூப்பறிக்கிறாரு. இவங்க எல்லாரையும் குளத்துல எறக்கிவிட்டுட்டாங்க. அதான் நெரிசல்." அந்தப் பெண் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, "இத யாரு பாப்பா வரைஞ்சது?" என்று கேட்டாள். "பேரு தெரியாதுக்கா. ஆனா மாடு மேச்சவங்களாத்தான் இருக்கணும். எருமை சரியா இருக்கு."

குகை முழுக்கச் சிரிப்பு. ஜெசிந்தா, பதினான்கு மாதத்துக்குப் பிறகு நம் பிள்ளை முன்பின் தெரியாத முப்பது பேர் நடுவில் நின்று பேசினாள். உள்ளே போட்டோ எடுக்க விடவில்லை. அதனால்தான் ஒரு சொல் விடாமல் எழுதியிருக்கிறேன்.

நான் வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அண்ணன் பின்னாலேயே வந்து, "என்ன மாப்ள, எதுக்கு அழுவுற?" என்றார். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டதும் அவர் கீழே இறங்கிப் போனார். பிறகு கார்க் கதவைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். "என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாடா ஒனக்கு?" என்று என்னைத் திட்டினார். நன்றாகத் திட்டினார். இப்போது சனிக்கிழமைதோறும் வந்து கணக்குச் சொல்லித்தருகிறார்.

இதைவிடப் பெரிய செய்தி முந்தாநாள் வெள்ளிக்கிழமை நடந்தது. உண்ணாமலை டீச்சர் தன் பள்ளி மூன்றாம் வகுப்புக்கு அமலியைக் கூப்பிட்டார். அவள் வான்கோவின் படத்தைப் பலகையில் மாட்டி இருபது நிமிஷம் பேசினாள். முதல் நிமிஷம் சத்தமே வரவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வந்தது. முடித்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். "அடுத்த வாரமும் வருவியாக்கா?" என்று ஒரு வாண்டு கேட்டது. "வாரேன்" என்றாள். ஜூனில் அந்தப் பள்ளியிலேயே சேரட்டுமா என்று நேற்று அவளாகக் கேட்டாள். அவசரம் இல்லை, யோசித்துச் சொல் என்றேன்.

நவம்பரில் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். போடாதே என்று எழுத மாட்டேன். உன் வேலை உன் உழைப்பு. நீ எதை முடிவு செய்தாலும் இங்கே நான் பார்த்துக்கொள்வேன், இனி எதையும் மறைக்கவும் மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அதற்கு முன்னால் பத்து நாள் லீவு போட்டு வா. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கும்படி பார்த்துக்கொள். நீ உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து கேள். என்னோடு ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
ஆனந்தராஜ்