வென்யா கையெழுத்திட்ட புட்டி

துப்னா, வெள்ளிக்கிழமை

அன்புள்ள லீதா,

உன் இருமல் நின்றதா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

உன் பிறந்தநாளன்று உன்னோடு பேசுவதற்காக என் ஷிஃப்டைப் பக்கத்து மேசை வென்யாவிடம் கொடுத்தேன் அல்லவா? மாதக்கணக்கில் எங்கள் ஆய்வகத்தின் துகள் முடுக்கியை ஓட்டிக் காத்திருந்த புதிய தனிமத்தின் ஒற்றை அணு அப்போதுதான் பிறந்து, இமைப்பதற்குள் சிதைந்தும் போனது. அணு பிறக்கும்போது ஷிஃப்டில் இருந்தவர், அதைக் கொண்டாடத் திறந்த ஷாம்பெயின் புட்டியில் கையெழுத்திடுவது இங்கே வழக்கம். வென்யா கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்.

"ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அணு என்ன ஆள் பாத்தா வருது?" என்றான். சிரித்து வைத்தேன். வயிறு எரிகிறது, லீதா. புட்டி என் கண்ணெதிரே அலமாரியில் நிற்கிறது.

கம்பளிக் காலுறையும் நீ உப்பில் ஊறப்போட்ட காளானும் அனுப்பு. வென்யா கேட்டால் தீர்ந்துவிட்டது என்பேன்.

ஆய்வக வாசலில் வீட்டுக்குப் போகும் பேருந்து வந்துவிட்டது. அடுத்த பிறந்தநாளுக்கும் ஷிஃப்டை மாற்றிக்கொள்வேன். வென்யாவோடு மட்டும் மாட்டேன்.

உன் ரோதியோன்