ஸ்லைடு இல்லாதவர்கள்

மார்ச் 4
எட்டு வருடத்து மூளைக் கட்டிகளை வகை பிரித்து அட்டவணை போடும் வேலை என் தலையில் விழுந்தது. பரிசோதனைக்கூட அலமாரியில் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் கட்டித் துண்டுகள், கண்ணாடி ஸ்லைடுகளில். "ரெண்டு மாசத்துல கட்டுரை போயிடணும்" என்கிறார் துறைத் தலைவர். சொல்கிறவருக்கு வாயா வலிக்கிறது.

மார்ச் 19
நாற்பது தாண்டிய பெண்களில் பாதிக்கு மேல் மூளையுறைக் கட்டி. பெரும்பாலும் சாது, புற்று இல்லை; எடுத்தால் தீர்ந்தது. கணக்கு அழகாக விழுகிறது.

மார்ச் 23
அக்காவுக்கு ஒரு மாதமாக எல்லாம் இரண்டாகத் தெரிகிறதாம். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தையல்காரிக்கு அதைவிட என்ன அறிகுறி வேண்டும்? என்னிடம் மூச்சு விடவில்லை. இன்று ஸ்கேன். கட்டி. படத்தைப் பார்க்காமலே போனில் அளந்துவிட்டேன்: "உன் வயசுக்கு அது சாதுக் கட்டியாத்தான் இருக்கும். நான் கணக்கே வச்சிருக்கேன்." அழுகையை நிறுத்தினாள்.

மார்ச் 24
படம் பார்த்தேன். மூளைத்தண்டின் நடுவில். உறையில் வளரும் கட்டி அங்கே வராது. ஏன் வாயைக் கொடுத்தேன்?

மார்ச் 26
அறுவை மருத்துவர்: "அங்க கத்தி போகாது. ஊசி விட்டுத் துண்டு எடுக்கறதும் ஆபத்து. நேரா கதிர் சிகிச்சைதான்."
என்ன வகையென்று? "தெரியாமலேதான் பார்க்கணும்."
வெட்டாவிட்டால் துண்டு இல்லை. துண்டு இல்லாவிட்டால் ஸ்லைடு இல்லை. அப்போ இப்படி எத்தனை பேர் — கத்தி எட்டினவங்களை மட்டும் எண்ணிட்டு, பாதிக்கு மேல் சாதுன்னு எழுதியிருக்கேனே. சே.

மார்ச் 27
எட்டு வருடத்து வார்டுப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கினேன்; ஸ்லைடு இல்லாதவர்கள் அதில்தான் இருப்பார்கள்.

மார்ச் 30
வார்டுப் பதிவேடுகளைப் புரட்டி முடித்தேன். தொண்ணூற்று ஏழு பேர் விடுபட்டிருக்கிறார்கள். தலைவரிடம் சொன்னேன்.
"வகை தெரியாதவங்கள எந்த வகையில போடுவே?"
"தெரியாதுன்னே போடறேன் சார்."
"கட்டுரை அசிங்கமா இருக்கும்."
இருக்கட்டும்.

ஏப்ரல் 2
அக்காவிடம் உடைத்துச் சொல்லிவிட்டேன்: நான் சொன்ன கணக்கு உனக்குப் பொருந்தாது, உன்னைப் போன்றவர்களை நான் எண்ணவே இல்லை. துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.
"அளவே எடுக்காம வெட்டிட்டியா?"
"ஆமாக்கா."
கோபப்படுவாள் என்று பார்த்தேன். மீதித் துணியையும் மடித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

ஏப்ரல் 21
தலைவர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்; "தெரியாது" என்ற வரியோடு கட்டுரை போயிற்று. அக்காவுக்குக் கதிர் சிகிச்சை பத்தாம் நாள். காத்திருக்கும் அறையில் கேட்டாள், "எனக்குச் சரியாயிடுமாடி?"
"தெரியலக்கா."
"சரி" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். எங்களுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள்.